எல்லாக் கோள்களிலும் ஒளிந்திருக்கும் ஒரு வருடம்

மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம். ஆறு மாதங்கள், ஆறு விழாக்கள். எல்லாமே பௌர்ணமியை ஒட்டி வருபவை. சில ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகும், அவ்வளவுதான். இந்தப் பெயர்களை 27 நட்சத்திர வரிசையில் வைத்து எண்ணிப் பாருங்கள். அசுவினி 1 என்றால் திருவாதிரை 6, பூசம் 8, மகம் 10, உத்திரம் 12, சித்திரை 14, விசாகம் 16. ஒன்று விட்டு ஒன்று. யாரோ உட்கார்ந்து அழகுக்காகக் கோத்த வரிசை இல்லை இது. முழுநிலா மாதாமாதம் வானத்தில் எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் விட்டுச்சென்ற பதிவு. கோயில் காலண்டரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கும் இந்தப் பதிவுக்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. வானத்தில் நிலாவும் கோள்களும் நகர்வதாக நாம் பார்ப்பதில் ஒரு பங்கு அவற்றின் நகர்வே இல்லை, நம்முடையது. அதைப் பிரித்துக் காட்டத் தொலைநோக்கி வேண்டாம். ஒரே இரவில் பார்த்து முடிக்காமல், மாதக்கணக்கில் பார்த்தால் போதும்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். மாலையில் கிழக்கே உதித்து விடியலில் மேற்கே மறைவது பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வருவது. அது நிலாவுக்கும் நட்சத்திரத்துக்கும் பொது. ஆகவே அதிலிருந்து தனித்தனியாக யாரைப் பற்றியும் எதுவும் தெரியவராது. தெரிய வேண்டுமானால் பின்னணியில் இருக்கும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிலா ரோகிணிக்குப் பக்கத்தில் நிற்கும் ஓர் இரவில், அந்தச் சிவந்த நட்சத்திரத்துக்கும் நிலாவின் விளிம்புக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மறுபடி பாருங்கள். ஏறத்தாழ இரண்டு நிலா அகலம் மாறியிருக்கும். மணிக்குத் தன் அகலம் அளவு கிழக்கே நகர்வது நிலாவின் நடை. ஒரு நாளைக்கு 13 டிகிரிக்குச் சற்று மேல். ஒரு நட்சத்திரத்துக்கு ஒதுக்கிய இடமும் 13 டிகிரி 20 நிமிடம். நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்ற கணக்கு இப்படி வந்ததுதான்.

புறப்பட்ட நட்சத்திரத்துக்கே நிலா திரும்பி வர 27.3 நாள் ஆகிறது. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.5 நாள். இரண்டுக்கும் நடுவே இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான வித்தியாசம். நிலா ஒரு சுற்று முடித்து வந்த பிறகும் ஏன் இரண்டு நாள் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது? பௌர்ணமி என்பது நட்சத்திரத்தைப் பொறுத்தது இல்லை, சூரியனைப் பொறுத்தது. சூரியனுக்கு நேர் எதிரே வந்தால்தான் முழுமுகம் தெரியும். நிலா சுற்றி வருவதற்குள் அந்த எதிர்ப்புள்ளி ஏறத்தாழ 29 டிகிரி தள்ளிப் போயிருக்கிறது. அதாவது சூரியன் இருக்கும் திசை அவ்வளவு மாறியிருக்கிறது. இரண்டு நட்சத்திரத்துக்கு 26 டிகிரி 40 நிமிடம்தான். மாதம் 29 டிகிரி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் சேரும். அதனால்தான் எல்லா மாதமும் ஒன்று விட்டு ஒன்றாக வருவதில்லை. திருக்கார்த்திகையின் கார்த்திகை 3, அடுத்த மாதத் திருவாதிரை 6; அங்கே ஒரு பெரிய தாவல். சூரியனைப் பகலில் பார்க்கும்போது அதன் பின்னால் எந்த நட்சத்திரம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முழுநிலாவோ அந்த இடத்துக்கு நேர் எதிரே நின்று அதைக் காட்டிக் கொடுக்கிறது. தைப்பூசத்திலிருந்து மாசி மகத்துக்கு விழா நகர்வது, சூரியனைச் சுற்றி நாம் ஒரு மாதத்தில் கடந்த தூரத்தின் நிழல். (கார்த்திகை தீபத்தன்று கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன்களையும் எண்ணிவிடலாம் என்று மொட்டை மாடிக்குப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நிலாவே பக்கத்தில் நின்று அவற்றை மறைத்துவிடும். நாலைந்து நாள் கழித்துப் பார்ப்பது நல்லது.)

சரி, சூரியன்தான் நம்மைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலும் இது வரும் அல்லவா என்று கேட்கலாம். வரும். நிலாவை மட்டும் வைத்து வழக்காடினால் தீர்ப்பு கிடைக்காது. அதற்குத்தான் கோள்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்றும் பெரும்பாலான நாட்களில் நிலாவைப் போலவே கிழக்கு நோக்கி, ஆனால் மிக மெதுவாக நகர்கின்றன. வியாழன் முழுச் சுற்றுக்கு 11.86 ஆண்டு எடுக்கிறது; சனி 29 ஆண்டுக்கு மேல். இதை வைத்துத்தான் குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒன்று, சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒன்று. ஆனால் ஒவ்வொன்றும் இடையிடையே நின்று, சில மாதம் மேற்கு நோக்கிப் பின்வாங்கி, மறுபடி நின்று, பழைய திசையில் புறப்படும். பஞ்சாங்கம் இதை வக்கிரம் என்கிறது. ஜாதகம் பார்ப்பவர்கள் இதைக் கோளின் மனப்போக்காகச் சொல்வார்கள். வானத்தைப் பார்ப்பவன் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பின்வாங்கல் எப்போது நடக்கிறது?

பதில் திகைக்க வைக்கும். மூன்று கோள்களும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேகத்தில் சுற்றினாலும், சூரியனுக்கு நேர் எதிரே வரும் சமயத்தில் மட்டுமே வக்கிரமாகின்றன. அதாவது சூரியன் மறையும்போது கிழக்கே உதித்து, நடுநிசியில் உச்சிக்கு வரும் பருவத்தில். வேறு எந்தச் சமயத்திலும் இல்லை. அதே பருவத்தில்தான் அவை அதிகப் பிரகாசமாகவும் இருக்கின்றன. ஒரு வக்கிரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை சனிக்கு 378 நாள், வியாழனுக்கு 399 நாள், செவ்வாய்க்குச் சராசரியாக 780 நாள். 378 என்பது ஒரு வருடமும் 13 நாளும். 399 என்பது ஒரு வருடமும் 34 நாளும். 780 என்பது இரண்டு வருடமும் 50 நாளும். சனியிலும் வியாழனிலும் செவ்வாயிலும் நம்முடைய ஒரு வருடம் எப்படி வந்து உட்கார்ந்தது? சனிக்கு நம் காலண்டரோடு என்ன உறவு?

நகர்வது நாமும்தான் என்று ஒப்புக்கொண்டால் புதிர் அவிழ்கிறது. தாம்பரத்திலிருந்து எழும்பூர் நோக்கி விரையும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஒன்று அதே திசையில் மெதுவாகப் போகிறது. அதை நாம் தாண்டும் சில நொடிகளில், தொலைவில் தெரியும் கட்டடங்களோடு சேர்த்துப் பார்த்தால் மின்சார ரயில் பின்னால் போவது போலத்தான் தோன்றும். பூமி உள்பாதையில் வேகமாகப் போகிறது. வெளிப்பாதையில் இருக்கும் வியாழனைத் தாண்டும்போது வியாழன் பின்வாங்குவதுபோல் தெரிகிறது. தாண்டும் தருணத்தில் சூரியன், பூமி, வியாழன் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். ஆகவே வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே. மிக அருகில் இருப்பதும் அப்போதுதான், ஆகவே பிரகாசம். சனி மெதுவாக ஊர்வதால் ஒரு சுற்று முடித்த பூமி 13 நாளில் அதை மறுபடி பிடித்துவிடுகிறது. வியாழன் கொஞ்சம் முன்னே போயிருக்கும், 34 நாள் ஆகிறது. செவ்வாய் நம்மோடு ஓட்டத்தில் போட்டியிடுவதால் பிடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பின்வாங்கும் அளவும் இதே கதையைச் சொல்கிறது. சனி ஏறத்தாழ 7 டிகிரி, வியாழன் 10 டிகிரி, செவ்வாய் அதைவிட அதிகம். தூரம் கூடக்கூட வளைவு சிறுக்கிறது. கேட்டது ஒரே ஒரு அனுமானம். கிடைத்தது நேரம், பிரகாசம், அளவு, இடைவெளி ஆகிய நான்குக்கும் விடை.

இதைக் கண்ணால் பார்க்க 2018 ஜூலை 27 இரவைவிட நல்ல சந்தர்ப்பம் அண்மையில் வந்ததில்லை. அன்று முழுச் சந்திர கிரகணம். இந்திய நேரப்படி நள்ளிரவு ஒரு மணியிலிருந்து 103 நிமிடம் நிலா பூமியின் நிழலுக்குள் முழுமையாகச் சிவந்து கிடந்தது. இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அது. அதே இரவில் செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே வந்து, சிவந்த நிலாவுக்குச் சில டிகிரி தள்ளி வியாழனையும் மிஞ்சும் ஒளியோடு நின்றது. கிரகணம் என்றாலே நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது என்று பொருள். ஆக, சூரியன், பூமி, நிலா, செவ்வாய் நான்கும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில். அந்த ஆண்டு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை செவ்வாய் வக்கிரத்தில் இருந்தது. கிரகணம் வந்தது அதன் நட்ட நடுவில். ஜூலை 31 அன்று செவ்வாய் நமக்கு 5.76 கோடி கிலோமீட்டர் தொலைவில். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சூரியனுக்கு அந்தப்பக்கம் போனபோது ஏறத்தாழ 40 கோடி. பூமியை மையமாக வைத்து ஒரே வட்டத்தில் சுற்றும் பொருள் இப்படி ஏழு மடங்கு விலகிப் போகாது.

கும்பகோணம் மகாமகத்திலும் இந்த எதிர்நிலை பொதிந்திருக்கிறது. ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. குரு (வியாழன்) சிம்மத்தில், சூரியன் கும்பத்தில், முழுநிலா மகத்தில் என்பது விதி. கும்பத்துக்கு நேர் எதிர் ராசி சிம்மம். ஆக, மகாமகத்தன்று வியாழன் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். அப்படியானால் வக்கிரத்திலும் இருந்தாக வேண்டும். 2004இல் மகாமகம் மார்ச் 6. வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது மார்ச் 4. 2016இல் பிப்ரவரி 22. எதிர்நிலை மார்ச் 8. மகாமகக் குளத்தில் லட்சக்கணக்கானோர் நீராடும் நாளன்று, பூமி வியாழனைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. விழாவை வகுத்தவர்கள் இப்படி விளக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் தேர்ந்த நாள் அதைத்தான் குறிக்கிறது.

வெள்ளியும் புதனும் வேறு கதை. அவை நடுநிசி வானத்துக்கு வருவதே இல்லை. வெள்ளி சூரியனை விட்டு அதிகபட்சம் 47 டிகிரி விலகும், புதன் 28. வெள்ளி சில மாதம் மாலை வானில், பிறகு சில மாதம் விடிவெள்ளியாக. அவை சூரியனைச் சுற்றுகின்றன, அதுவும் நமக்கு உள்பாதையில் என்றால் இதில் வியப்பே இல்லை. 584 நாளில் வெள்ளியின் இந்த ஆட்டம் ஒருமுறை முடியும். ஐந்துமுறை முடிந்தால் கிட்டத்தட்ட நம் எட்டு வருடம். இங்கும் நம் வருடம் வந்துவிட்டது.

இனி எதிர்வாதம். பூமி நிலையாக நிற்கிறது என்று வைத்தே நம் முன்னோர் கிரகணம்கூடத் துல்லியமாகக் கணித்தார்களே, கணக்கு சரியாக வந்தால் கொள்கையும் சரிதானே என்பார்கள். கணித்தது உண்மை. ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதா’ நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். காகிதமில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி நகர்த்தியே அந்த ஆண்டு மே 31 சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கம் நான்கு நிமிடமே பிசகியது. நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். நிலாவுக்கான வாக்கியங்கள் 248. ஒன்பது முறை நிலா பூமிக்கு அருகே வந்து திரும்பும் காலம் 248 நாள் என்பதால் அந்த எண்ணிக்கை. அசாத்தியமான சாதனை. ஆனால் வாரனே குறித்திருப்பது போல, அந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள கொள்கை எதுவும் அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒன்று எப்போது நடக்கும் என்று சொல்வதும் ஏன் நடக்கிறது என்று சொல்வதும் வேறு வேறு வேலைகள். ஏன் என்று தெரியாத கணக்கு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கொஞ்சம் கொஞ்சமாக வழுவும்போது, திருத்தவும் வழி தெரியாது. சனி மீனத்துக்குப் பெயர்ந்தது, இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சில், பழைய வாக்கியங்களைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில். இரண்டில் எது வானத்தில் நிற்கும் சனியோடு ஒத்துப்போகிறது என்பது கருத்து வேறுபாட்டுக்குரிய விஷயமே இல்லை; திருக்கணிதம்தான்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றட்டும், அந்தச் சூரியன் அவற்றையும் இழுத்துக்கொண்டு பூமியைச் சுற்றட்டும். அப்போதும் நாம் பார்க்கும் எல்லாக் காட்சியும் அச்சுப் பிசகாமல் வருமே? வரும். இதை விதண்டாவாதம் என்று தள்ள முடியாது. கேரளத்து நீலகண்ட சோமயாஜி 1500ஐ ஒட்டி ஐந்து கோள்களையும் சூரியனைச் சுற்றவைத்து, சூரியனைப் பூமியைச் சுற்றவைத்தார். டென்மார்க்கின் டைகோ பிராகே 1588இல் அதே மாதிரியான அமைப்பைச் சொன்னார். இருவரும் வானத்தை நன்கு அறிந்தவர்கள். கோள்களில் சூரியனின் கைரேகை இருப்பதை இருவரும் கண்டுகொண்டார்கள். அதற்கு முன் கிரேக்க வானியலாளர் தாலமி வகுத்த முறையில், மூன்று வெளிக்கோள்களையும் ஏந்திச் சுழலும் சிறுவட்டங்கள் எப்போதும் சூரியனின் திசைக்கு இணையாகவே திரும்ப வேண்டும் என்ற விதி காரணமே சொல்லப்படாமல் இருந்தது. நீலகண்டர் அந்த விதிக்குக் காரணம் கிடைக்கும் இடம்வரை வந்துவிட்டார். பூமியை நகர்த்துவது மட்டும்தான் பாக்கி. ஆகவே கண்ணால் பார்ப்பது நம்மை இவ்வளவு தூரம்தான் கொண்டுவரும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்க நட்சத்திரங்களே தேவைப்பட்டன. நட்சத்திரங்கள் ஆண்டு முழுக்க மிகச் சிறிய வட்டமடிப்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிராட்லி கண்டு 1729இல் அறிவித்தார். நாம் ஓடும் வேகத்தால் ஒளி சாய்ந்து வருவதன் விளைவு அது. 1838இல் ஜெர்மனியின் பெசல், ஓர் அருகாமை நட்சத்திரம் நம் இடமாற்றத்துக்கேற்பப் பின்னணியில் அசைவதை அளந்து காட்டினார். சூரியன்தான் சுற்றுகிறது என்று பிடிவாதம் பிடித்தால், இனி ஒவ்வொரு நட்சத்திரமும் நம் வருடத்துக்கு ஏற்பத் தனித்தனியாக ஆடுகிறது என்றும் சொல்லியாக வேண்டும். அந்த அளவுக்குச் சலுகை கேட்கும் கொள்கையை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நகரத்தில் என்ன தெரியும் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. பால்வீதி தெரியாது, உண்மை. ஆனால் இந்தக் கட்டுரையில் வந்த சாட்சிகளுக்குத் தெருவிளக்கு தடையில்லை. நிலா, வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை எல்லாம் சென்னை மொட்டை மாடியிலிருந்தும் தெரியும். செயலி காட்டுமே என்றால், காட்டும். ஆனால் அது அந்த நொடியின் படம். நமக்கு வேண்டியது போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம். அதற்கு ஒரு நோட்டும், நிலாவும் போதும். மாதம் ஒருமுறை நிலா ஒவ்வொரு கோளின் பக்கத்திலும் வந்து நின்று இதுதான் என்று அடையாளம் காட்டிவிட்டுப் போகிறது.

அப்படிப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு 2027 தொடக்கம் வாய்ப்பான காலம். வியாழன் 2026 டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையும், செவ்வாய் ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மார்ச் கடைசி வரையும் பின்வாங்கும். இரண்டும் மகம் நட்சத்திரத்தை ஒட்டிய அதே வானப் பகுதியில். வியாழன் பிப்ரவரி 10 வாக்கிலும், செவ்வாய் பிப்ரவரி 19 அன்றும் சூரியனுக்கு எதிரே வரும். பிப்ரவரி 20 இரவு மாசி மகத்து முழுநிலாவும் அங்கேயே வந்துவிடும். செவ்வாய் இம்முறை ஏறத்தாழ 10 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் 2018இன் ஒளி இருக்காது; வியாழனே பளிச்சென்று தெரியும். வாரம் ஒருமுறை, மகத்திலிருந்து இரண்டும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று நீட்டிய கையின் முஷ்டியால் அளந்து குறியுங்கள். முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி. ஏப்ரலில் நோட்டைப் புரட்டினால் வியாழன் நான்கு மாதத்தில் ஒரு முஷ்டி பின்வாங்கியிருப்பதும், செவ்வாய் மூன்று மாதத்துக்குள் அதைப்போல இருமடங்கு பின்வாங்கியிருப்பதும் தெரியும்.